பொம்பதூர் பட்டம்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாட்ஸ்அப்பில் அந்த அழைப்பிதழ் வந்தபோது அபயாம்பாள் முதலில் பார்த்தது தன் போட்டோவைத்தான். போன நவராத்திரியில் யாரோ எடுத்த கூட்டப் படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். தோளுக்குப் பக்கத்தில் வேறு யாருடைய முழங்கையோ மிச்சம் இருந்தது. வெள்ளி விழா அழைப்பிதழில் இப்படியா ஒரு படத்தைப் போடுவார்கள் என்று எரிச்சலோடு கண்ணாடியை மாட்டிக்கொண்ட பிறகுதான் கீழே இருந்ததைப் படித்தாள்.

‘மன்றத்தின் வெள்ளி விழாவில் “நியூஜெர்சியின் பொம்பதூர்” என்னும் பட்டம் பெறுகிறார் திருமதி அபயாம்பாள் பாலசுப்ரமணியன்.’

மான்மவுத் ஜங்ஷன் முத்தமிழ் மன்றத்தில் பட்டம் கொடுக்காமல் ஒரு விழா முடிந்ததாகச் சரித்திரம் கிடையாது. பொங்கலுக்குப் பொங்கல் நானூறு பேருக்குச் சாம்பார் சாதம் கிளறியவருக்கு ‘அன்னதான அரிமா’. மைக் பார்த்துக்கொண்டவருக்கு ‘ஒலிச்செல்வர்’. ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தாமல் செக் மட்டும் கிழித்துக் கொடுத்தவருக்கு ‘கொடைக்கடல்’. இத்தனையும் அபயாம்பாளின் சமையலறையில், ரசம் கொதிக்கிற நேரத்தில் பிறந்த பட்டங்கள். அவளுக்கென்று ஒரு விதி உண்டு. பட்டம் வாயில் உருள வேண்டும். வாங்குகிறவரின் வீட்டுக்காரம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிடக் கூடாது.

இந்த ஒரு பட்டம் மட்டும் அவளைக் கேட்காமல் பிறந்திருந்தது. அவளுக்கே கொடுக்கிற பட்டத்தை அவளிடமே எப்படிக் கேட்பது, அது நியாயம்தான். பொம்பதூர் யாரென்று தெரியாவிட்டாலும் பெயர் கனமாக, வெல்வெட் துணி மாதிரி இருந்தது. குரூப்பில் நூறு பேர் கைகூப்பியிருந்தார்கள். ‘பிரெஞ்சு அரசவையில் கலைகளை வளர்த்த மாதரசி’ என்று செயலாளர் செல்வராஜ் ஒரு விளக்கமும் போட்டிருந்தான். அபயாம்பாள் நூறு பேருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

சாயங்காலம் ஐந்தரைக்கு மகள் ஹம்சா ரயிலிலிருந்து போன் பண்ணினாள். இருபத்துநாலு வயசு, ஜெர்சி சிட்டியில் தனியாக இருக்கிறாள். தமிழ் நன்றாகப் புரியும்; பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்.

“மா, ஹூ கேம் அப் வித் திஸ்?”

“நல்லா இருக்குல்ல? பெரிய லேடியாம். ஆர்ட்ஸுக்கெல்லாம் சப்போர்ட் பண்ணாளாம்.”

“மா. ஷி வாஸ் த கிங்ஸ் மிஸ்ட்ரஸ்.”

அந்த வார்த்தைக்குத் தமிழில் நாலைந்து சொற்கள் உண்டு. ஒன்றையும் பெற்ற பெண்ணிடம் சொல்ல முடியாது.

“அஃபிஷியல் மிஸ்ட்ரஸ், மா. இட் வாஸ் லைக் அ போஸ்ட்” என்று ஹம்சா சமாதானம் சொன்னாள்.

“போஸ்ட்டா?” என்றாள் அபயாம்பாள். இருபத்தைந்து வருஷமாக மன்றத்தில் ஒரு பதவியும் வேண்டாம் என்று தள்ளியவளுக்குக் கடைசியில் கிடைத்த பதவி இது.

அவள் கதையை இங்கே சொல்லிவிடுவது நல்லது. மயிலாடுதுறைக்காரி. ஊர்க் கோயில் அம்மன் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். காலேஜில் பேச்சுப் போட்டி என்றால் கோப்பை அவளுக்குத்தான். தொண்ணூற்றெட்டில் பாலசுப்ரமணியனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு எச்-ஃபோர் விசாவில் வந்து இறங்கினாள். அந்த விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. ஏழு வருஷம் வாயையும் கையையும் கட்டிப் போட்ட மாதிரி இருந்தது. நடுவில் யாரோ ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில் பத்துக் குடும்பம் சேர்ந்து மன்றம் ஆரம்பித்தார்கள். அபயாம்பாளுக்கு மூச்சு வந்தது.

இரண்டாயிரத்து ஏழில் நெடுஞ்செழியன் தலைவரானார். கெமிக்கல் இன்ஜினியர். நல்ல உயரம், நல்ல மீசை, கோயில் மணி மாதிரி குரல். ஆனால் பேச்சு வராது. முதல் விழாவில் மேடை ஏறி மூன்று தடவை “அனைவருக்கும் வணக்கம்” சொன்னார். நாலாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது பக்கவாட்டிலிருந்து அபயாம்பாள் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். நாலே வரி. அவர் படித்தார். கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது.

அன்றிலிருந்து அவர் பேசிய எல்லாமே அவள் எழுதியவை. பொங்கல் உரை, இரங்கல் உரை, மணமக்களை வாழ்த்தும் உரை. அவர் பேசும்போது முதல் வரிசையில் இடது ஓர நாற்காலியில் உட்கார்ந்து அவள் உதடும் கூடவே அசையும். செயற்குழுவில் யார் இருப்பது, நாடகத்தில் யார் ராஜா, யார் சேவகன், எல்லாம் அவளைக் கேட்டுத்தான். மன்றத்தின் விதிப்படி ஒருவர் தொடர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது. அதனால் நடுவில் அவர் ‘காப்பாளர்’ ஆவார், பிறகு மறுபடி தலைவர். அந்த யோசனையும் அவளுடையதுதான்.

கேட்கிறவர்கள் இந்த இடத்தில் ஒன்றை நினைப்பார்கள். நினைக்கட்டும். அவள் விரல்கூட அவர் மேல் பட்டதில்லை.

ஹம்சா போனை வைத்ததும் அபயாம்பாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பொம்பதூரைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தாள். ஜாதகத்துக்குப் பொருத்தம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பொருந்திக்கொண்டே வந்தது. பொம்பதூரும் சாதாரணக் குடும்பத்துப் பெண். ஒரு முகமூடி விருந்தில் ராஜாவின் கண்ணில் பட்டாள். அரண்மனைக்குள்ளேயே ஒரு சின்ன நாடக மேடை வைத்துத் தானே நடித்தாள். பீங்கான் பாத்திரம் செய்கிற தொழிற்சாலையைத் தூக்கி நிறுத்தினாள். அபயாம்பாளுக்கு மன்றத்துக்காகத் தான் தேடித் தேடி வாங்கிய இருநூறு பீங்கான் தட்டு ஞாபகம் வந்தது. அமைச்சர் பதவி வேண்டுமென்றால் பொம்பதூர் வாசலில் நிற்க வேண்டும். அவளுடைய அறைக்கும் ராஜாவின் அறைக்கும் நடுவில் தனியாக ஒரு படிக்கட்டு. ஆறேழு வருஷத்துக்குள் உடம்பு உறவெல்லாம் முடிந்துபோனது. அதற்குப் பிறகும் ராஜா எதற்கும் அவளைத்தான் கேட்டார். மொத்தம் பத்தொன்பது வருஷம்.

இரண்டாயிரத்து ஏழிலிருந்து எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது.

பொம்பதூருக்குப் புருஷன்? இருந்தான். அவனை வேலை விஷயமாக எங்கோ தூரத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று போட்டிருந்தது. அபயாம்பாள் அந்த வரியை இரண்டாவது தடவை படித்தாள். பாலசுப்ரமணியன் கலிபோர்னியாவில், சன்னிவேலில் இருக்கிறார். இரண்டாயிரத்துப் பத்தில் கம்பெனி அங்கே மாறியது. ஹம்சாவின் ஸ்கூல், வாங்கிய வீடு என்று இவள் இங்கேயே நின்றாள். ஹம்சா காலேஜ் போன பிறகும் நின்றாள். அவர் கோடை விடுமுறைக்கும் தேங்க்ஸ்கிவிங்குக்கும் வருவார், கூலிக்கு ஆள் வைத்த மாதிரி வீட்டைத் துடைப்பார், போவார். அவரை யாரும் அனுப்பவில்லை. திரும்பிவரச் சொல்லி யாரும் கூப்பிடவுமில்லை. அதை இன்றைக்குத்தான் அவள் கவனித்தாள்.

புதன்கிழமை அவருக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னாள். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டாள் என்பதே சரி.

“யாரோ பேர் தெரியாம வெச்சிருப்பாங்க. விடு” என்றார் பாலசுப்ரமணியன். “பொன்னாடை போட்டா வாங்கிட்டு வா. லைவ் லிங்க் இருந்தா அனுப்பு. கேட்டரிங் யாரு இந்த வாட்டி?”

“உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?”

“என்ன தோணணும்? உன்னை எனக்குத் தெரியாதா?”

நம்பிக்கையா அக்கறையின்மையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டும் ஒரே குரலில்தான் பேசும் போலிருக்கிறது.

அடுத்து செல்வராஜ். அவன் பாவம், மீட்டிங் நடுவில் எடுத்தான். “ஆன்ட்டி, தலைவர் சார் மெசேஜ்ல அனுப்பின பேரை அப்படியே டைப் பண்ணேன். கூகுள்ல முதல் பாரா மட்டும் படிச்சேன். ஆர்ட்ஸ், போர்சலின், கிங்குக்கு அட்வைசர்னு இருந்துச்சு. சூப்பரா இருக்கேன்னு போட்டுட்டேன். ஏன் ஆன்ட்டி, ஸ்பெல்லிங் தப்பா? ஷீல்டு பிரிண்ட்டுக்குப் போயிடுச்சே.”

ஆக, கேடயத்திலும் பொறித்தாகிவிட்டது. அவள் யோசித்தாள். சார் அனுப்பிய பெயர் என்றால் சாருக்கு இந்தப் பெயர் எங்கிருந்து கிடைத்தது? அவர் பேப்பரில்கூட விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டிப் படிக்காதவர். அப்படியானால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெரிந்து சொன்னார்களா, தெரியாமலா? தெரிந்தென்றால் இத்தனை நாளும் ஊர் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்ததா? கைகூப்பிய நூறு பேரில் எத்தனை பேர் போனுக்குப் பின்னால் சிரித்தார்கள்? குற்றமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்கும் என்பார்கள். குற்றமே இல்லாத நெஞ்சு ஏன் இப்படிக் குறுகுறுக்கிறது என்பதுதான் அவளைக் குழப்பியது.

இந்த நேரம் பார்த்து நெடுஞ்செழியனே கூப்பிட்டார். வேலையாக ஹூஸ்டன் போயிருந்தார்.

“அம்மா, அழைப்பிதழ் பார்த்தீங்களா? சந்தோஷம்தானே? ஒரு சின்ன உதவி. சனிக்கிழமை உங்களைப் பத்தி நான் பேசணும். பட்டமளிப்பு உரை ரெண்டு பக்கம் எழுதி அனுப்பிடுங்க.”

“என்னைப் பத்தி நானே எழுதறதா, சார்?”

“நீங்க எழுதினாத்தான் தப்பில்லாம இருக்கும்!” என்று அந்த மணிக் குரலில் சிரித்தார். அதில் துளி விஷமம் கிடையாது. பத்தொன்பது வருஷத்தில் அந்த மனுஷருக்கு ஒன்றுமே புரியவில்லை என்று அவளுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. எது புரிய வேண்டும் என்று கேட்டால் அவளுக்கும் பதில் தெரியாது.

வியாழக்கிழமை, தான் வேலை பார்க்கும் குழந்தைகள் டேகேரிலிருந்து கிளம்பி நேரே நெடுஞ்செழியன் வீட்டுக்குக் காரை விட்டாள். பெயர் அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும்.

அந்த வீட்டுக்குள் அவள் எப்போதும் போவது கராஜ் வழியாக. கதவோரம் நம்பர் தட்டுகிற பெட்டி. நாலு இலக்கம், விரலுக்கே மனப்பாடம். மன்றத்தின் பேனரும் குத்துவிளக்கும் அந்தக் கராஜில்தான் இருக்கின்றன. அதனால் போக வர அதுவே வழியாகிவிட்டது. இன்றைக்குப் பெட்டி முன்னால் விரலைத் தூக்கியவளுக்கு அந்த அரண்மனைப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. விரலை இறக்கிக்கொண்டாள். பனி ஒதுக்கிய பாதையில் சுற்றிக்கொண்டு போய் முன்வாசல் மணியை அடித்தாள்.

விஷாகா திறந்தாள். நெடுஞ்செழியனின் மனைவி. ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட், வியாழக்கிழமை லீவு. மன்ற விழாக்களில் மூன்றாவது வரிசையில் உட்காருவாள், கேட்டால் சிரிப்பாள், அவ்வளவுதான். கையில் லைப்ரரிப் புத்தகம் ஒன்று, படித்த பக்கத்துக்குள் ஆள்காட்டி விரல்.

“என்ன பெல் அடிக்கறீங்க? கராஜ் கோடு மாத்தலையே.”

“இல்ல, இந்தப் பக்கமாவே வந்தேன்.”

“அவர் நாளைக்குத்தான் வருவார்.”

“தெரியும். உங்களைத்தான் பார்க்க வந்தேன்.”

சொன்ன பிறகு இரண்டு பேருமே கொஞ்சம் திகைத்துப்போனார்கள். பத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டில் அந்த வாக்கியம் யாரும் சொன்னதில்லை.

காபி போடட்டுமா என்று விஷாகா கேட்டாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. விரலும் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. அபயாம்பாள் சுற்றி வளைக்காமல் கேட்டாள்: “இந்தப் பட்டம் யாரு ஐடியா?”

“நான்தான்.”

“தெரியாம சொன்னீங்களா?”

“படிச்சுட்டுத்தான் சொன்னேன்” என்று விஷாகா புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். அட்டையில் நீலப் பட்டுப் பாவாடையோடு அந்தப் பொம்பதூர்தான். “அபயாம்பாள் அம்மாவுக்கு என்ன பட்டம் குடுக்கலாம்னு அவர் வந்து என்னைக் கேட்டார். மன்றத்து விஷயமா என்கிட்ட அவர் ஒண்ணு கேட்டது அதான் முதல் தடவை. எப்பவும் உங்களைக் கேட்பார். இது உங்க பட்டமாச்சே, உங்களைக் கேட்க முடியல. அதனால என்கிட்ட வந்தது.”

“விஷாகா, எங்களுக்குள்ள ஒண்ணும் கிடையாது. அம்மன் சத்தியமா.”

“தெரியும்.” விஷாகா ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். “இருந்திருந்தா ஈஸியா இருந்திருக்கும். கத்தியிருப்பேன். லாயரைப் பார்த்திருப்பேன். ஒண்ணும் இல்லாததுக்கு யார்கிட்ட போய் என்ன கம்ப்ளெயின்ட் பண்றது? அவரோட பி.பி. மாத்திரை எனக்கு வந்துது, லாண்டரி எனக்கு வந்துது. பேச்சு உங்களுக்கு வந்துது.”

அபயாம்பாள் கைப்பையை மடியிலிருந்து எடுத்துச் சோபாவில் வைத்தாள்.

“எங்க இருபத்தஞ்சாவது வெட்டிங் டே ஞாபகம் இருக்கா?” என்று விஷாகா கேட்டாள்.

எடிசனில் ஒரு ஹாலில் நடந்தது. பத்து வருஷம் இருக்கும். அபயாம்பாள் தலையாட்டினாள். விஷாகா அப்போதுதான் விரலைப் புத்தகத்திலிருந்து எடுத்தாள். உள்ளே போய் ஒரு பேப்பரோடு வந்தாள். நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் வெளுத்திருந்தது.

“படிங்க.”

படிக்கத் தேவையில்லாமலே அபயாம்பாளுக்கு அடையாளம் தெரிந்தது. கம்ப்யூட்டரில் அடித்து, பச்சை மையில் அவள் திருத்தியது. ‘விஷாகா மாத்திரை எண்ணும்போது உதடு அசையும். பக்கத்தில் ஆள் நிற்பதுகூட அப்போது அவளுக்குத் தெரியாது. இருபத்தைந்து வருஷமாக அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்கிறேன்.’

“அன்னிக்கு ஹால்ல எல்லார் முன்னாடியும் அழுதேன். இந்த மனுஷன் என்னைப் பார்த்திருக்காரேன்னு அழுதேன். ரெண்டு வாரம் கழிச்சு பிரிண்டர் அடியில இது கிடந்தது. அந்த வரிக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க, பாருங்க.”

பச்சை மையில், அடைப்புக்குள், தன் கையெழுத்து: இங்கே கொஞ்சம் நிறுத்தவும்.

“அவரும் நிறுத்தினார். நான் அந்த எடத்துலதான் அழுதேன்” என்றாள் விஷாகா.

அபயாம்பாளுக்கு முகம் காந்தியது. அது அவளுக்கு நூறு உரைகளில் ஒன்று. எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துபோனாள். ஒருநாள் பார்மசி கவுன்டரில் இருமல் மருந்துக்கு நின்றபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விஷாகாவின் உதடு அசைவதைப் பார்த்தது மட்டும் இப்போது பளிச்சென்று ஞாபகம் வந்தது.

“கோவமா, விஷாகா?”

“தெரியல. சில நாள் உங்களைக் கண்டாலே ஆகாது. சில நாள், பரவால்ல, என்னை ஒரு ஆளாவது பார்த்திருக்காங்களேன்னு இருக்கும். எது நிஜம்னு எனக்கே குழப்பம். அவர் வந்து கேட்டப்போ வாயில அந்தப் பேர்தான் வந்துது. சொல்லிட்டேன்.”

“சனிக்கிழமை நான் மேடைக்கு வரணுமா, வேண்டாமா?”

“அது உங்க இஷ்டம். பொன்னாடை போர்த்த நான் இருப்பேன்.”

மன்றத்து வழக்கம் அது. பெண்களுக்கு ஆண்கள் பொன்னாடை போர்த்துவதில்லை. தலைவரின் மனைவிதான் போர்த்த வேண்டும். வருஷத்தில் விஷாகா மேடை ஏறுவது அந்த அரை நிமிஷத்துக்கு மட்டும்தான்.

காரில் உட்கார்ந்து அபயாம்பாள் நெடுஞ்செழியனுக்கு ஒரு மெசேஜ் அடித்தாள்: ‘இந்தத் தடவை நீங்களே பேசுங்க, சார்.’ பதிலுக்கு ஒரு சிரிக்கிற முகம் வந்தது. கூடவே, ‘நாளை மாலைக்குள் அனுப்பினால் போதும்.’ அவள் அனுப்பவில்லை.

விழாவுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தாள். போகாவிட்டால், இத்தனை நாள் வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகும். போனால், எல்லோர் முன்னாலும் அந்தப் பெயரைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கடைசியில் மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு போனாள். பயந்து ஒளிகிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே கிடையாது. அது ஒன்றுதான் காரணம்.

ஹைஸ்கூல் ஆடிட்டோரியத்தில் நானூறு பேர். ஹம்சா பின்னால் நின்று போனில் அப்பாவுக்கு லைவ் காட்டிக்கொண்டிருந்தாள். திரையில் அந்த முழங்கைப் படம் ஆளுயரத்துக்கு நின்றது. நெடுஞ்செழியன் மைக் முன்னால் வந்து ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே போன வருஷத்துப் பொங்கல் உரை இருந்தது. மூடினார்.

“அனைவருக்கும் வணக்கம்.”

முதல் வரிசை இடது ஓர நாற்காலியைப் பார்த்தார். அது காலி. அபயாம்பாள் மேடையில் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“அனைவருக்கும் வணக்கம். அபயாம்பாள் அம்மா நம்ம மன்றத்துக்கு எவ்வளவோ... பொம்பதூர் மாதிரி... பொம்பதூர் யாருன்னா...” அவர் நெற்றி வேர்த்தது. மூன்றாவது வரிசைக்குக் கை நீட்டினார். “விஷாகா, நீ சொல்லேன். படிச்சது நீதானே!”

அரங்கம் சிரித்தது. செல்வராஜ் கார்ட்லெஸ் மைக்கோடு ஓடினான். அபயாம்பாளின் இருபத்தைந்து வருஷத்துப் பெயர், மானம், எல்லாம் இப்போது அந்த மைக்கில் வரப்போகும் வார்த்தையில் இருந்தது. ஒரே ஒரு சொல் போதும்.

விஷாகா எழுந்து நின்றாள். மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“வணக்கம். பொம்பதூர் பிரெஞ்சு அரண்மனையில பத்தொன்பது வருஷம் இருந்தவங்க. நாடகம் போடணும்னா அவங்கதான். யாருக்கு என்ன பதவின்னாலும் அவங்களைத்தான் கேட்கணும். ராஜா எதுக்கும் அவங்களைத்தான் கேட்பார். நம்ம ராஜாவும் அப்படித்தான். ஒரு வார்த்தை வேணும்னாக்கூட அவங்ககிட்டதான் வாங்கிப்பார்.”

அங்கே கொஞ்சம் நிறுத்தினாள். நிறுத்தும்போது மேடையில் அபயாம்பாளை மட்டும் பார்த்தாள்.

“ராணிக்குச் சொல்ல வேண்டிய வார்த்தையா இருந்தாலும் சரி.”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. எல்லோரையும்விட நெடுஞ்செழியன்தான் பலமாகத் தட்டினார். தப்பித்தோம் என்ற நிம்மதி அவர் முகமெல்லாம் வழிந்தது. அந்தக் கடைசி வரி நானூறு பேரில் ஒருத்திக்கு மட்டும் புரிந்தது. அடித்தாளா அணைத்தாளா என்று அந்த ஒருத்திக்கும் தெரியவில்லை.

விஷாகா மேடை ஏறி வந்து பொன்னாடையை உதறி அபயாம்பாளின் தோளில் போர்த்தினாள். ஜரிகை கழுத்தில் குத்தியது. முன்பக்கம் இழுத்துச் சரிபண்ணுகிற சாக்கில் காதருகே குனிந்தாள்.

“மார்ச் பதினாலு எங்க முப்பத்தஞ்சாவது. கண்டிப்பா வாங்க. எழுதாதீங்க.”

திரும்பி வருகிறபோது காரில் ஹம்சா கேட்டாள்: “வாட் டிட் ஷி சே, மா?”

“சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொன்னாங்க” என்றாள் அபயாம்பாள். கேடயம் பின்சீட்டில் வெல்வெட் பெட்டிக்குள் கிடந்தது. அதை எந்த அலமாரியில் வைப்பது என்பது அடுத்த கேள்வி.

திங்கட்கிழமை மத்தியானம் டேகேர் வாசலில் காரை எடுக்கப் போகும்போது போன் அடித்தது. நெடுஞ்செழியனின் மெசேஜ்.

‘அம்மா, சனிக்கிழமை தடுமாறிவிட்டேன், மன்னிக்கணும். மார்ச்சில் எங்கள் கல்யாண நாள். விஷாகா என்னையே சொந்தமாகப் பேசச் சொல்கிறாள். ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் போதும்.’

அபயாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணில் நீரும் வந்தது. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ‘முடியாது, சார். நீங்களே பேசுங்க’ என்று அடித்து அனுப்பினாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் சொன்ன முதல் ‘முடியாது’ அது.

சொல்லிவிட்டாள். ஆனால் சாவியைத் திருப்புவதற்குள் முதல் வரி தானாக வந்துவிட்டது. ‘விஷாகா படித்துக்கொண்டிருக்கும் பக்கத்திலிருந்து விரலை எடுக்கிறாள் என்றால், எதிரில் இருப்பவர் அவளுக்கு முக்கியம் என்று அர்த்தம்.’ இங்கே கொஞ்சம் நிறுத்தவும், என்று மனசுக்குள் பச்சை மை வேறு எழுதிக் காட்டியது. நல்ல வரிதான். அவளே பார்த்து, அவளே எடுத்த வரி. வீடு வரைக்கும் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு ஓட்டினாள். அதை யாரிடம் கொடுப்பதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.